நூற்று அறுபத்து மூன்று பேர் உள்ள ஊர்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளைப் பெடியனைப் பார்ப்பதற்கு முன் ஊரை விசாரிப்போம். எந்தக் கோயில் பங்கு, எந்தக் குறிச்சி, தண்ணீர் நல்லதா உவரா, தகப்பன் என்ன தொழில், பக்கத்து வீட்டில் யார், தாய்க்காரி கோயிலில் முன்வாங்கிலில் இருக்கிறவவா பின்வாங்கிலில் இருக்கிறவவா. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பெடியன் கறுப்பா வெள்ளையா என்று கேட்போம். நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவள். ரொறன்ரோவுக்கு வந்து முப்பத்தொரு வருடம். இங்கே இருந்துகொண்டே எத்தனையோ பேரின் கலியாணத்துக்கு எத்தனையோ ஊரைத் தொலைபேசியில் விசாரித்துக் கொடுத்திருக்கிறேன். எமில்டாவைக் கேட்டால் தெரியும் என்று நாங்கள் இருக்கிற மில்லிக்கனில் எனக்கொரு பெயர். ஆனால் பிரான்சில் மலைக்கு மேலே கிடக்கிற ஒரு ஊரை விசாரிக்கிற விதி எனக்கு வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

அந்த ஊரைக் கொண்டுவந்தவள் என் மகள் ஜெசிகா. வயது முப்பத்தைந்து, ஆசுப்பத்திரியில் நேர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் பரிஸ் நகரத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில் றொய்சன் என்ற பெடியனைச் சந்தித்தாள். பிறகு நாள் முழுக்கத் தொலைபேசி. விடுமுறை எடுத்துக்கொண்டு இரண்டு தரம் போயும் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"அம்மா, நான் றொய்சனைத்தான் கட்டப்போறன். அங்கதான் போய் இருக்கப்போறன்."

"பரிஸிலயோ?"

"இல்லை. வால்ப்ரூஸில. மவுன்ரின்ஸில இருக்கு."

போனில் படத்தைக் காட்டினாள். பச்சை, மண்ணிறம், நடுவே வளைந்து வளைந்து ஒரு றோட்டு. றோட்டு அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போக வழியில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நூற்று அறுபத்து மூன்று என்றாள். எங்கள் தெருவிலேயே அதைவிடக் கூட ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்போதே களைப்பு வந்துவிட்டது.

களைப்பு எனக்குப் புதிதில்லை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஒரு சமையற்கூடத்தில், மிசிசாகாவில், பதினெட்டு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்பதுதான் வேலை. காலை ஐந்து மணிக்குப் பெல்ட்டில் தட்டு ஓடத் தொடங்கும், ஒன்றரைக்குத்தான் நிற்கும். முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன. ஆனால் இது அந்தக் களைப்பில்லை. மறுபடியும் ஒரு சம்பந்தம், மறுபடியும் விசாரணை, மறுபடியும் அந்த ஒரு விஷயத்தை மறைக்க வேண்டும் என்ற களைப்பு.

அந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெசிகாவுக்கு இருபத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டி, நிற்காத இரத்தப்போக்கு, உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்த ஒரு கிழமையும் ஆசுப்பத்திரியில் எனக்குத் துணையாக நின்றது என் மனுசனின் தமக்கை பேபி மச்சாள். ஆக விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனுசன் இக்னேசியஸ், ஜெசிகா, பேபி. வேறு ஒரு காகத்துக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு சம்பந்தம் வந்தது. முதலாவது மொன்றியல் பெடியன், இரண்டாவது இங்கே பக்கத்தில். இரண்டும் முற்றாகி, மண்டபம் பார்க்கிற கட்டத்தில் மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டு, "எங்களுக்குச் சரிவராது, குறை நினைக்காதேங்கோ" என்றார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, எனக்குத் தெரியும். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேரில் மூன்று பேர் இந்த வீட்டுக்குள் இருக்கிறோம். மிஞ்சினது பேபி. அவளுடைய மகளும் அப்போது கலியாண வயதில் இருந்தாள். கணக்கு எனக்குச் சரியாக வந்தது.

நான் பேபியோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் சமாதானம் என்று ஒன்று வரும். கதைக்கிறதை நிறுத்தினேன், நாலு வருடம். அவளுடைய மனுசன் அலெக்ஸாண்டர் அண்ணை வருத்தம் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போகவில்லை. செத்தபோதும் போகவில்லை. இக்னேசியஸ் தனியாகப் போய்த் தனியாக வந்தார். அலெக்ஸாண்டர் அண்ணைதான் நான் வந்த புதிதில் எனக்குக் கார் ஓடப் பழக்கினவர், மிசிசாகா வேலைக்கு முதல்நாள் கூட்டிக்கொண்டு போய் விட்டவர். அது தெரிந்துகொண்டுதான் போகாமல் இருந்தேன். என் கோபம் அப்படிப்பட்டது.

சரி, வால்ப்ரூஸ். ஊரை விசாரிக்காமல் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? பரிஸில் என் அக்காவின் மகன் றூபன் வான் ஓடுகிறான். அவனைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் போய் விசாரித்துவிட்டு வா என்றேன். அவன் முதலில் மறுத்தான். "சின்னம்மா, அது இங்கயிருந்து ஏழு மணித்தியாலம்" என்றான். "உன்ரை தங்கச்சியெண்டா போகமாட்டியோ?" என்று கேட்டேன். போனான்.

நான் செய்த மடைத்தனம் அதுதான். ஊர்காவற்றுறையில் சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, அவையள் எப்பிடி என்று கேட்டால், ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லுவார்கள், கேட்டவன் யாரென்று அடுத்த நாள் மறந்துவிடுவார்கள். வால்ப்ரூஸில் றூபன் பாண் சுட்டு விற்கிற கடைக்குள் போய் றொய்சனைப் பற்றிக் கேட்டிருக்கிறான். குளிர்காலத்தில், நூற்று அறுபத்து மூன்று பேர் உள்ள ஊரில், முன்பின் தெரியாத ஒரு தமிழன். கால் மணித்தியாலத்தில் மேயரே கடைக்கு வந்துவிட்டாராம். பெடியனுக்குப் பெண் வீட்டார் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனிசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. றூபனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், பழைய கல்லுக் குவாரி, சீஸ் செய்கிற இடம், பள்ளிக்கூடம், சவக்காலை எல்லாம் காட்டி, கடைசியில் றொய்சனின் தாய் றீற்றாவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டாராம். றூபன் அங்கே மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு, கையில் பெரிய சீஸ் கட்டி ஒன்றோடு பரிஸுக்குத் திரும்பினான்.

அடுத்த நாள் நான் வேலை முடிந்து காருக்குள் ஏறியதும் போன் அடித்தது.

"எமில்டாவோ? நான் றீற்றா கதைக்கிறன், றொய்சன்ரை அம்மா. ஆள் அனுப்பி விசாரிச்சனீங்களாம்."

"இல்லை அக்கா, பெடியன் அந்தப் பக்கம் வந்தவன், சும்மா..."

"இந்தப் பக்கம் ஒருத்தரும் சும்மா வரமாட்டினம், றோட்டு இங்கயோட முடியுது" என்றா றீற்றா. குரலில் கோபம் இல்லை. "நானும் யாழ்ப்பாணத்தாள்தான், எனக்கு விளங்கும். எனக்கு இண்டைக்கு வேலை இல்லை. என்ன தெரியவேணுமோ நேர என்னட்டைக் கேளுங்கோ."

கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தண்ணி எப்பிடி அக்கா?"

"ஊத்துத் தண்ணி. சந்தியில கல்லுத்தொட்டி ஒண்டு இருக்கு, இரவு பகலா ஓடும். உறைஞ்சு போகாமல் இருக்கத்தான் பூட்டுறேல்லை."

"வெயில்?"

"அதைத்தான் கேக்கப்படாது. நவம்பர் நடுவில போச்செண்டா பெப்ரவரியிலதான் வரும். தெற்கால நிக்கிற மலை மறைச்சுப்போடும். மேல வெளிச்சம் தெரியும், ஊருக்குள்ள விழாது. முதல் வெயில் விழுற நாளில எல்லாரும் கோயில் முத்தத்தில வந்து நிண்டு சூப் குடிப்பம். முதல் வருசம் நான் அழுதனான். பிறகு பழகிப்போச்சு."

ஊரின் கதையையும் சொன்னா. கூரைக்குப் போடுகிற கறுப்புக் கல்லை மலையிலிருந்து வெட்டுகிற குவாரி ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எண்ணூறு பேர். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்திருக்கிறார்கள். எழுபத்தொன்பதில் குவாரியைப் பூட்ட, இளம் ஆட்கள் எல்லாரும் கீழே நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். இப்போது பதினொரு வீட்டில் மாடு. அந்தப் பதினொரு வீட்டுப் பாலும் ஒரே இடத்துக்கு வந்து சீஸ் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்று. அதன் சமையலறையில்தான் றீற்றா இருபத்திரண்டு வருடமாக நிற்கிறா. கோடையில் மலை ஏற வருகிறவர்கள் நாலு காசு விட்டுப்போவார்கள். றொய்சன் ஊருக்கு வேலை செய்கிறவன். குளிர்காலத்தில் பனி தள்ளுகிற வாகனம் ஓடுவான், மற்றக் காலத்தில் றோட்டு, தண்ணீர்க்குழாய், சவக்காலைப் புல்லு எல்லாம் அவன்தான். நானும் நின்று களைத்தவள், அவவும் நின்று களைத்தவள். கதைக்கக் கதைக்க எனக்கு அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் பயமாக இருந்தது.

"உங்களை எப்பிடி அக்கா அங்க கொண்டுபோய் விட்டவை?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பிள்ளையளுக்காகத்தான்" என்றா. "தொண்ணூற்றெட்டில பள்ளிக்கூடத்தைப் பூட்டப்போறம் எண்டு மேலிடத்தில இருந்து கடிதம் வந்திட்டுது. பிள்ளையள் காணாது. அப்ப இருந்த மேயர் அகதியள் இருக்கிற இடத்துக்கு எழுதிக் கேட்டவர், பிள்ளையள் உள்ள குடும்பம் ஒண்டு தாங்கோ எண்டு. எனக்கு மூண்டு பிள்ளையள். வீடு தந்து எடுத்தவை. அன்பாயும்தான் எடுத்தவை, இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா பள்ளிக்கூடத்துக்காகத்தான். இப்ப திரும்பவும் எட்டுப் பிள்ளையளுக்கு வந்திட்டுது. இப்ப இருக்கிற மேயர் றொய்சனைக் கண்டா முதல் கேக்கிறது இதைத்தான், எப்ப கலியாணம், எத்தினை பிள்ளை."

அவ சிரித்தா. நான் "ஓமோம்" என்றேன். எங்கள் சனம்தான் கலியாணம் முடித்த மூன்றாம் மாதம் வயிற்றைப் பார்க்கும் என்றால், இது ஒரு ஊரே காத்துக்கொண்டிருக்கிறது. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இக்னேசியசிடம் சொன்னேன். மனிசன் கதிரையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுறதோ விடுறதோ?" என்று கேட்டேன்.

"ஏன் பயப்பிடுறாய்? இந்தமுறை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கமாட்டினம்" என்றார். "என்ரை அக்காட்டை வால்ப்ரூஸ் நம்பர் இல்லை."

நாலு வருடத்தில் அவர் தன் அக்காவைப் பற்றி என்னோடு வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு எழும்பித் தேத்தண்ணி போடப் போனார். எனக்கு மட்டும் போட்டுத் தரவில்லை.

மூன்று கிழமை போனது. றீற்றா கிழமைக்கு இரண்டு தரம் கூப்பிட்டா. எங்கள் பங்குச் சாமியாரின் கடிதம் எப்போது வரும், கலியாணம் இங்கேயா அங்கேயா, ஊர்ச் சனம் எல்லாம் வருவார்கள், மண்டபத்துக்குச் சூடேற்ற வேண்டும். ஒவ்வொரு தரமும் நான் வாயைத் திறந்து வேறு எதையோ கேட்டேன். மாட்டுக்கு என்ன தீன், டொக்டர் எவ்வளவு தூரம், மின்சாரம் நிற்குமா. அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த மேயருக்கே தெரியுமோ தெரியாது. என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. என் கார் திருத்த விட்டுக் கராச்சில் நின்றதால் வேலை முடிய ஜெசிகா வந்து என்னை ஏற்றினாள். அவளும் இரவு வேலை முடித்துக் கண் சிவந்திருந்தாள். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறினால் வழமையான நெரிசல், வாகனங்கள் ஊர்ந்தன. அப்போது றீற்றா கூப்பிட்டா. ஜெசிகாவின் போனுக்கு வந்த அழைப்பு காரின் ஸ்பீக்கரில் கேட்டது.

"அம்மாவும் நிக்கிறாவோ? நல்லது. எமில்டா, மேயர் கலியாணத் திகதியைக் கேக்கிறார். ஜூனில வைப்பமோ?"

நான் வெளியே பார்த்தேன். முன்னால் ஒரு லொறி. அதன் பின்கதவில் ஊத்தை. எனக்குத் திடீரென்று இனி ஏலாது என்று வந்தது. நேர்மையாலும் இல்லை, துணிவாலும் இல்லை. களைப்பால்தான் சொன்னேன்.

"அக்கா, திகதி வைக்க முதல் ஒண்டு சொல்லவேணும். ஜெசிகாவுக்குப் பிள்ளை பிறக்காது. ஏழு வருசத்துக்கு முதல் கர்ப்பப்பையை எடுத்தது. நான் உங்களுக்கு ஒளிச்சனான். உங்கட பள்ளிக்கூடத்துக்கு எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்."

ஸ்பீக்கரில் தட்டு ஒன்று வைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் எமில்டா" என்றா றீற்றா. "ஜெசிகா பரிஸில சந்திச்ச மூண்டாம் நாளே றொய்சனுக்குச் சொன்னவ. போன வருசம் இங்க வந்து நிண்டபோது எனக்கும் சொன்னவ. மேயருக்கும் தெரியும்."

"மேயருக்கோ?"

"அவர் எங்கட வீட்டில சாப்பிடேக்க வழமையான கேள்வியைக் கேட்டவர். ஜெசிகா முகத்தைப் பாத்து, எனக்குப் பிறக்காது எண்டு சொன்னவ. அவர் சரி எண்டு சொல்லிப்போட்டு சீஸை நீட்டினவர். இப்ப பிள்ளையள் உள்ள வேற ரெண்டு குடும்பத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்."

"அப்ப ஏன் அக்கா எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்கட ஊரை விசாரிச்சனீங்கள். நான் உங்களை விசாரிச்சுக்கொண்டிருந்தன்" என்றா றீற்றா. "நாளைக்குச் சம்பந்தி எண்டு ஆன பிறகு எனக்கு ஒளிக்கிற மனுசியோ சொல்லுற மனுசியோ எண்டு பாக்கவேணுமெல்லோ. கஷ்டப்படுத்திப் போட்டன், மன்னியுங்கோ. ஜூனில வைப்பம்."

அழைப்பு நின்றது. ஜெசிகா நெடுஞ்சாலையின் அடுத்த வெளிவழியால் இறங்கி ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் நிறுத்தினாள். எஞ்சினை நிற்பாட்டினாள். நான் அழுதுகொண்டிருந்தேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குள் வேறொன்று மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த முதல் ரெண்டு பேருக்கும்..." என்றேன்.

"நான்தான் அம்மா சொன்னனான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்கள் சொல்லமாட்டன் எண்டனீங்கள். எனக்கு லை பண்ணிக் கட்ட ஏலாது. ரெண்டு பேரையும் நான் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னனான். அவை ஓடிட்டினம். தற்ஸ் ஓகே."

"பேபி மாமி?"

"மாமி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாமியில்லை எண்டு உங்களுக்கு நான் ரெண்டு தரம் சொன்னனான். அவளுக்கு நீ வக்கீலோ எண்டு கேட்டனீங்கள். அலெக்ஸாண்டர் மாமா செத்த அண்டைக்கு, நான்தான் எண்டு சொல்லுவம் எண்டு உங்கட அறைக்கு வந்தனான். நீங்கள் கதவைப் பூட்டிப்போட்டுப் படுத்திருந்தனீங்கள். பிறகு சொல்லப் பயமாப் போச்சு. அது என்ரை பிழை. ஐ நோ."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அடிக்க வேண்டியது அவளை இல்லை.

"ஏன் பிள்ளை அந்த வெயில் இல்லாத ஊருக்குப் போறாய்?" என்று கேட்டேன். கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது அதுதான்.

"அங்க எல்லாருக்கும் தெரியும் அம்மா. பாண் கடைக்காரிக்கும் தெரியும். ஒருத்தரும் குரலைத் தாழ்த்தேல்லை. இங்க நீங்கள் என்னைப் பற்றிக் கதைக்கேக்க எப்பவும் சத்தத்தைக் குறைப்பீங்கள். ஏழு வருசமா. நான் அறைக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டிருப்பன்."

நான் மூக்கைச் சீறினேன். மறைத்து மறைத்து நான் காப்பாற்றினது இவளை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் விசாரிப்பதில் கெட்டிக்காரி, வீட்டுக்குள் ஒரு பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

"என்னை மாமி வீட்டை கொண்டுபோய் விடு" என்றேன்.

"இப்பவோ? நீங்கள் டயர்ட் அம்மா."

"இப்பவே விடு."

பேபி மச்சாள் மார்க்கம் றோட்டுப் பக்கம், அதே பழைய வீட்டில்தான் இருந்தா. அவதான் கதவைத் திறந்தா. தலை முழுக்க நரைத்திருந்தது. வேலையுடுப்போடு, வலைத்தொப்பி போட்ட அடையாளம் நெற்றியில் இருக்க, நான் வாசலில் நின்றேன். ஜெசிகா எனக்குப் பின்னால் நின்றாள்.

"மச்சாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் சொல்லிப்போட்டன்" என்றேன். "முந்தின ரெண்டு சம்பந்தத்துக்கும் சொன்னது பிள்ளைதானாம். நான் நீங்களெண்டு நினைச்சன். நாலு வருசமா நினைச்சன். அண்ணை செத்ததுக்கும் வரேல்லை." மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை.

பேபி என்னைத் திட்டுவா என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ கதவை அகலத் திறந்து, "உள்ளுக்கு வா, நிண்டு களைச்சிருப்பாய்" என்றா. செற்றியில் என்னை இருத்திவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்தா. ஜெசிகா செருப்பைக் கழற்றுகிற மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அவர் சாக முந்தின கிழமை உன்னை ரெண்டு தரம் கேட்டவர்" என்றா பேபி. "எமில்டா வந்தவளோ எண்டு. அவருக்கு அப்ப பாதி நேரம் நித்திரை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வந்தவள், நீங்கள் நித்திரையா இருந்தனீங்கள், எழுப்ப வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போனவள் எண்டு சொன்னன்" என்றா. "ரெண்டு தரமும் அதைத்தான் சொன்னன். அவர் நம்பினவர்."